காரை வீட்டில் விட்டோம், ஊட்டி பிடித்துப்போனது

போன டிசம்பரில் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, டீ ஃபேக்டரி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடுக்கி வைத்தேன். மதியத்துக்கு மேல் 16 வயது மகளும் 13 வயது மகனும் காரைவிட்டே இறங்கவில்லை, எனக்கு மனசே கஷ்டமாகிவிட்டது.

இந்த ஜனவரியில் மாற்றினேன். ஒரு நாள் மகள் திட்டம், ஒரு நாள் மகன் திட்டம், எனக்கு ஒரே ஒரு விடியற்காலை. மகன் கேட்டது மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயில். வார இறுதிக்கு இடம் கிடைப்பது கஷ்டம், முன்பதிவு திறந்த உடனே போட்டுவிடுங்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவிலிருக்கும் பல்வரிசையைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது, இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது, 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம், அவன் ஜன்னலைவிட்டு நகரவே இல்லை. கார் இல்லாததால், வண்டியோடு நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் எடுக்கும் அனுமதியான இ-பாஸ் வேலையும் மிச்சம்.

மகள் கேட்டது சேரிங்கிராஸிலிருந்து கமர்ஷியல் ரோடு வரை தம்பியோடு மட்டும் சுற்ற இரண்டு மணி நேரம். சரி, ஆறு மணிக்குள் அறைக்கு வந்துவிடணும் என்று அனுப்பினேன். பத்து நிமிஷம் முன்னதாகவே கை நிறைய வர்க்கி பிஸ்கட்டோடு வந்து நின்றார்கள்.

என் விடியற்காலை ஊட்டிக்குப் பக்கத்திலிருக்கும் தலைக்குந்தாவில். ஆறரைக்கு ஆட்டோவில் போனோம், புல் முழுக்க உப்புத் தூவியது போல உறைபனி. நிறுத்தியிருந்த பைக் சீட்டில் படிந்த பனியில் மகள் விரலால் மூன்று பேரின் பெயரையும் எழுதினாள். கையுறையைவிட இரட்டை சாக்ஸ்தான் முக்கியம், மறக்காதீர்கள்.