கறுப்புத் தேயிலைகளை ஒப்பிட்டுச் சுவைப்பவர்கள் இடறும் இடங்கள்

புதிதாகத் தேயிலை சுவைக்க உட்காருகிறவர்களின் மேசை அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். நாலைந்து ஊர்த் தேயிலைப் பொட்டலங்கள், ஒன்றுக்கொன்று அளவு ஒவ்வாத கோப்பைகள், ஒரு தேக்கரண்டி, ஒரு நோட்டு. அரை மணி நேரத்தில் "அசாம் ஸ்ட்ராங், டார்ஜிலிங் லைட், சிலோன் நடுத்தரம்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். பொட்டலத்தின் மேலேயே அச்சடித்திருக்கிற வாசகம் அது. அதை எழுதத் தண்ணீரே கொதிக்க வைத்திருக்க வேண்டாம்.

கோப்பையைச் சோப்பு வாசனை போகக் கழுவுங்கள், சர்க்கரை போடாதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். பார்வைக்கு ஒழுங்காகத் தெரிந்துகொண்டே முடிவைக் கெடுக்கும் தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

## கரண்டியால் அளப்பது

இயந்திரத்தில் நசுக்கிக் குருணையாக்கிய சி.டி.சி. தேயிலை ஒரு தேக்கரண்டி சுமார் 3 கிராம் வரை வரும். நீண்டு முறுக்கிய முழு இலை அதே கரண்டியில் 1 கிராமைச் சற்றுத் தாண்டினால் அதிகம். இரண்டுக்கும் "ஒரு கரண்டி" என்று போட்டால், ஒரு கோப்பைக்கு மற்றதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தேயிலை விழுந்திருக்கும்.

0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தர அளவு 100 மி.லி. தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்கிறது. தொழில்முறைச் சுவைஞர்களின் சிறிய பானைக்கு 2.8 கிராம், பழைய ஆங்கிலேய ஆறு பென்னி வெள்ளி நாணயத்தின் எடை அது, அதையே தராசில் எடைக்கல்லாக வைத்தவர்கள் உண்டு. ஒன்றை மறக்கக்கூடாது: இந்த 6 நிமிடம் ரசித்துக் குடிப்பதற்கான பக்குவம் அல்ல. குறைகள் ஒளிந்துகொள்ள இடம் தராத அளவுக்குக் கடுமையாக வடிப்பதற்கான நேரம். 6 நிமிடக் கோப்பையைக் குடித்துவிட்டு "இந்தத் தேயிலை முரடு" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

எடை போடும் முன் பொட்டலத்தை அகலத் தட்டில் முழுவதுமாகக் கொட்டிக் கலக்க வேண்டும். தூள் அடியில் இறங்கியிருக்கும், பெரிய இலை மேலே நிற்கும். மேலாக அள்ளினால் ஒரு தேயிலை, அடியில் அள்ளினால் இன்னொன்று.

## இலையின் அளவை ஊரின் குணமாக எண்ணுவது

எரிச்சலூட்டுகிற தவறு இதுதான். அதிகச் செலவு வைக்கிற தவறும் இதுதான்.

நடப்பதைப் பாருங்கள். அசாம் என்று ஒருவர் எடுத்து வைப்பது சி.டி.சி. குருணை. டார்ஜிலிங் என்று வைப்பது முழு இலை. நீலகிரி என்று கையில் கிடைத்தது டஸ்ட். எடையும் நேரமும் சரியாகவே பார்க்கிறார். அசாமும் நீலகிரியும் அடர்ந்து சிவந்து இறங்குகின்றன, டார்ஜிலிங் வெளிறிப் பொன்னிறமாக நிற்கிறது. ஊர்களின் குணம் தெரிந்துவிட்டது என்று நோட்டில் எழுதுகிறார். உண்மையில் அவர் ஒப்பிட்டது சல்லடைக் கண்களை.

இலை எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு பரப்பு தண்ணீரைத் தொடும், சாறு அவ்வளவு வேகமாக இறங்கும். சி.டி.சி. முறையில் இலையை நறுக்கி, கிழித்து, சுருட்டுகிறார்கள். பல் வைத்த உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிரே சுற்ற, அவற்றுக்கு நடுவே வாடிய கொழுந்து நசுங்கி வெளியே வரும். 1930களின் தொடக்கத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் அசாமில் உருவாக்கிய முறை இது. செல் சுவர்கள் பெருமளவு உடைந்துபோவதால் ஆக்ஸிஜனேற்றமும் (காற்றுப் பட்டு இலை கறுப்பது) வேகம், கோப்பையில் சாறு இறங்குவதும் வேகம். ஆர்த்தடாக்ஸ் முறையில் இலையை வாட்டி உருட்டுவதோடு நிறுத்துவதால் சாறு மெதுவாக இறங்கும். டஸ்ட் 2 நிமிடத்தில் தன்னிடம் இருப்பதில் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். முழு இலை 5 நிமிடத்திலும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இப்போது ஊர்களை வைத்துப் பாருங்கள். கென்யாவிலிருந்து வருவதில் பெரும்பகுதி சி.டி.சி. இலங்கையிலிருந்து வருவதில் பெரும்பகுதி ஆர்த்தடாக்ஸ். "கென்யா திடம், சிலோன் மென்மை" என்ற பேச்சில் மண்ணுக்கும் மழைக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் அதில் இயந்திரத்தின் பங்கை யாரும் கழிப்பதில்லை. நீலகிரியில் இரண்டு முறையும் உண்டு. அதனால்தான் "நீலகிரி லேசானது" என்று ஒருவரும் "நீலகிரி நன்றாகச் சாயம் இறங்கும்" என்று இன்னொருவரும் அடித்துச் சொல்கிறார்கள். இருவரும் தம் கோப்பையைப் பொறுத்தவரை பொய் சொல்லவில்லை. ஆனால் முதல்வரின் பேச்சை நம்பி, பாலில் போட ஒத்துவராது என்று நீலகிரியையே தள்ளியவருக்கும், இரண்டாமவரை நம்பி ஒரு கிலோ முழு இலை வாங்கிப் பாலில் போட்டுவிட்டு விழிப்பவருக்கும் நஷ்டம் உண்மையானது.

ரக எழுத்துகள் இந்தக் குழப்பத்தை இன்னும் கிளறுகின்றன. ஓ.பி. (ஆரஞ்ச் பெக்கோ) என்றால் நீண்ட முழு இலை, பி.ஓ.பி. உடைந்த இலை, பி.ஓ.பி.எஃப். அதனினும் சிறிய துணுக்கு, டி என்றால் டஸ்ட். அடிப்படையில் இவை அளவைச் சொல்லும் எழுத்துகள். எஃப்.டி.ஜி.எஃப்.ஓ.பி. என்று நீளும்போது நுனி மொட்டுகள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. எழுத்து நீண்டால் விலை நீளும். சுவை நீளும் என்ற உத்தரவாதம் எதுவும் இல்லை. பொன்னிற மொட்டுகள் பார்க்க அழகு, ஆனால் மோசமாக உலர்த்திய இலையை அவை காப்பாற்றாது. ஆரஞ்ச் பெக்கோவில் ஆரஞ்சுப் பழமும் கிடையாது.

நம்பாதவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். நல்ல முழு இலைத் தேயிலை ஒன்றில் 4 கிராம் எடுங்கள். பாதியை அப்படியே வையுங்கள், மறுபாதியை உரலில் குருணையாக நொறுக்குங்கள். தலா 100 மி.லி. கொதிநீர், தலா 3 நிமிடம். எது எது என்று தெரியாத ஒருவரிடம் இரண்டையும் நீட்டுங்கள். ஒரே தோட்டம், ஒரே பறிப்பு, ஒரே பொட்டலம். கறுத்துத் துவர்க்கும் கோப்பையைக் காட்டி அவர் வேறு ஊர்ப் பெயர் சொல்ல வாய்ப்பு அதிகம்.

ஆகவே ஊரை ஒப்பிட வேண்டுமானால் முறையும் ரகமும் ஒன்றாக இருக்க வேண்டும். பி.ஓ.பி.க்கு எதிரே பி.ஓ.பி., சி.டி.சி.க்கு எதிரே அதே பருமன் சி.டி.சி. கிடைக்கவில்லையென்றால் ஒவ்வொரு தேயிலையையும் 2, 3, 4, 6 நிமிடங்கள் என நான்கு கோப்பைகளாக வடியுங்கள். எது எந்த நிமிடத்தில் தன் உச்சத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். ஒன்றின் 2 நிமிடக் கோப்பையை இன்னொன்றின் 4 நிமிடக் கோப்பையோடு ஒப்பிடுவது தவறில்லை, அப்படித்தான் ஒப்பிட்டோம் என்பதைக் குறித்து வைத்திருந்தால். நோட்டில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதி ரகத்தை விட்டுவிட்டால், அடுத்த வருடம் அந்தக் குறிப்பு உங்களுக்கே உதவாது.

## மாதம் தெரியாமல் ஊரை எடைபோடுவது

டார்ஜிலிங்கின் முதல் பறிப்பு மார்ச், ஏப்ரலில் வருவது. கொழுந்தைக் கடுமையாக வாட்டிவிடுவதால் ஆக்ஸிஜனேற்றம் முழுமையாக நடப்பதில்லை. இலையில் பச்சை மிச்சமிருக்கும், டிகாஷன் வெளிறியிருக்கும். அதற்கு எதிரே அசாமின் இரண்டாம் பறிப்பை வைத்தால், அது பருவத்துக்கும் பருவத்துக்குமான ஒப்பீடாகவும் ஆகிவிடும். இலங்கையின் ஊவா வட்டாரத் தேயிலைக்குப் பேர்போன, பச்சிலைத் தைல நெடி கலந்த வாசனை ஜூலை முதல் செப்டம்பர் வரையான காய்ந்த காற்றில் விளைவது. அதே நாட்டின் திம்புலவுக்கு நல்ல காலம் ஆண்டின் தொடக்க மாதங்கள். பறித்த மாதம் தெரியாத ஊவாவைச் சுவைத்துவிட்டு ஊவாவைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது அவசரம்.

பொட்டலம் திறந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதும் இதில் சேரும். தேயிலை தன்னைச் சுற்றியுள்ள ஈரத்தையும் வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். நேற்றுப் பிரித்ததையும் போன வருடம் பிரித்ததையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள்.

## அத்தர், சென்ட், கைக்கிரீம்

சுவைக்கும் நாளில் வேண்டாம்.

## தண்ணீரை ஒரு பொருட்டாகக் கருதாதது

எல்லாக் கோப்பைக்கும் ஒரே தண்ணீர் என்பதோடு விஷயம் முடியவில்லை. கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்த கடினநீரில் டிகாஷன் கறுத்து, பளபளப்பு மங்கி, மேலே மெல்லிய ஏடு படரும். புதியவர்கள் அந்தக் கறுப்பைத் திடம் என்று வாசிக்கிறார்கள். ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் சட்டென்று வெளுத்து ஏடும் கலையும். நிறம் எவ்வளவு தூரம் தண்ணீரின் வேலை என்பது அப்போது தெரியும். கடினநீரில் எல்லாத் தேயிலையும் கொஞ்சம் ஒன்றுபோலாகிவிடுகிறது, நுண்ணிய வாசனை உள்ளவை முதலில் அடிபடும். அதற்காக உப்பே இல்லாத வாலைவடிநீருக்குப் போனால் கோப்பை சப்பென்று இருக்கும். உப்பு குறைந்த மென்னீர் போதும்.

புதிதாகக் கொதித்த நீரை உடனே ஊற்ற வேண்டும். ஆறு கோப்பைகளுக்கு ஒரே கெண்டியிலிருந்து சாவகாசமாக ஊற்றினால் கடைசிக் கோப்பைக்குப் போவது ஆறிய நீர். 20 விநாடி இடைவெளியில் ஊற்றி, அதே வரிசையில் அதே 20 விநாடி இடைவெளியில் வடித்தால் நேரமாவது சமமாகும். பானைகளை முதலில் வெந்நீரில் சூடாக்கிக்கொண்டால் வெப்பமும் ஏறக்குறையச் சமமாகும்.

## ஆறிக் கலங்கிய கோப்பையைக் கொட்டுவது

நல்ல அசாம் ஆறும்போது பால் சிந்தியதுபோல் கலங்கும். கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. காஃபீனும், துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்களும் குளிர்ச்சியில் ஒன்றோடொன்று பிணைந்து பிரிவதுதான் அந்தக் கலங்கல். சூடாக்கினால் மறுபடி தெளியும். சாறு நிறைந்த தேயிலை என்பதற்கு அது நல்ல அறிகுறி.

கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதாலும் பயனில்லை. நாக்கு சுட்டபின் மிச்சமுள்ள கோப்பைகள் வீண். வாய்க்கு இதமான சூட்டில் ஒரு சுற்று, நன்றாக ஆறியபின் இன்னொரு சுற்று வாருங்கள். சூட்டில் ஒளிந்திருந்த புளிப்பும் கருகல் வாடையும் ஆறிய சுற்றில்தான் வெளிவரும். உறிஞ்சும்போது சத்தம் வரட்டும்: திரவம் தெறித்து வாய் முழுக்கப் பரவி, வாசனை பின்பக்கமாக மூக்குக்கு ஏற வேண்டும்.

## கசப்பையும் துவர்ப்பையும் ஒரே கட்டத்தில் எழுதுவது

கசப்பு நாக்கில் உணரும் சுவை. துவர்ப்பு, எச்சிலின் புரதங்களைப் பாலிஃபீனால்கள் பற்றிக்கொள்வதால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுபடும் உணர்வு. விழுங்கியபின் நாக்கை மேல் ஈற்றில் தேய்த்துப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் துவர்ப்பு. உறுத்தி உடனே விலகி வாயைச் சுத்தமாக விடும் துவர்ப்பைத்தான் சுவைஞர்கள் 'பிரிஸ்க்' என்று பாராட்டுகிறார்கள். கசப்போடு சேர்ந்து தொண்டைவரை ஒட்டிக்கொண்டிருப்பது வேறு. இரண்டையும் "ஸ்ட்ராங்" என்று ஒரே சொல்லில் அடைத்தால் எதையும் பிரித்தறிய முடியாது.

துவர்ப்பு வாயில் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே மென்மையானதிலிருந்து முரட்டுக்குப் போங்கள், கோப்பைக்குக் கோப்பை வெந்நீரால் கொப்பளியுங்கள். பைன் மரப் புகையில் உலர்த்திய லாப்சாங் சூசாங் எப்போதும் கடைசி; அதன்பின் எதைக் குடித்தாலும் புகை.

## "நன்றாக இருந்தது"

இது குறிப்பு அல்ல.

## சக்கையைப் பார்க்காமல் கொட்டுவது

வடித்த இலையைப் பானை மூடியில் கவிழ்த்து, சூடு ஆறும் முன் முகருங்கள். கருகல், புகை, பூஞ்சை எல்லாம் டிகாஷனைவிட இங்கே துல்லியமாகத் தெரியும். புதுச் செம்புக்காசு நிறத்தில் பளிச்சென்று இருப்பது நல்லது. மங்கிக் கறுத்திருந்தால் ஆக்ஸிஜனேற்றமோ உலர்த்தலோ மிஞ்சியிருக்கும்.

## பெயரைப் பார்த்துக்கொண்டே சுவைப்பது

கோப்பையின் அடியில் எண் ஒட்டி, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒரே தேயிலையை இரண்டு கோப்பைகளில் ரகசியமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அவ்விரண்டுக்கும் நீங்கள் வெவ்வேறு குறிப்பு எழுதியிருந்தால் அன்றைய மற்றக் குறிப்புகளையும் அந்த அளவுக்கே நம்பலாம். இரண்டு தேயிலைகளுக்கு நடுவே வித்தியாசம் இருக்கிறதா என்றே சந்தேகமென்றால் மூன்று கோப்பைச் சோதனை இருக்கிறது: இரண்டில் ஒரு தேயிலை, ஒன்றில் மற்றது, தனித்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முறை சரியாகச் சொல்வது மூன்றில் ஒரு பங்கு அதிர்ஷ்டம். 6 சுற்றில் 5 சரியானால் அது வெறும் ஊகத்தில் அமைய 2 சதவீத வாய்ப்புகூட இல்லை.

## பாலை எல்லாவற்றுக்கும் ஊற்றுவது, அல்லது எதற்குமே ஊற்றாதது

பாலின் கேசின் புரதம் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்பு மழுங்கும், குறைகளும் மறையும். ஆகவே முதல் சுற்று எப்போதும் பாலில்லாமல். ஆனால் சி.டி.சி. பாலுக்காகவே செய்யப்படுவது. அதைக் கறுப்பாக மட்டும் குடித்துவிட்டு ஓ.பி.யோடு ஒப்பிட்டுக் குறை சொல்வதும் அநியாயம்தான். பாலோடு சுவைப்பதென்றால் பாலையும் அளக்க வேண்டும்: ஐ.எஸ்.ஓ. முறையில் சிறிய கிண்ணத்துக்கு 2.5 மி.லி., பெரியதற்கு 5 மி.லி. டிகாஷன் 65 முதல் 80 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியபின் ஊற்றுங்கள். ஊற்றியதும் செம்பு கலந்த பழுப்பாகப் பளிச்சிட்டால் தேயிலை பாலுக்கு ஏற்றது. சாம்பல் பூத்து மங்கினால், கறுப்பாகக் குடிக்கும்போது எவ்வளவு பிடித்திருந்தாலும், பாலில் போடுவதற்கென்று அதை வாங்க வேண்டாம்.