கடிகாரம் சரி, ஆனால் தளம் திறக்கவில்லை

விண்டோஸ் 7 ஓடும் பழைய மடிக்கணினியில் மூன்று நாளாக ஒரே தொல்லை. சில தளங்கள் மட்டும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்றன. மற்றவை ஒழுங்காகத் திறந்தன. பிழைச்செய்தி தேதியைக் குறை சொன்னதால் கடிகாரத்தைப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. போர்டிலுள்ள பேட்டரியையும் மாற்றினேன். கேஷை அழித்தேன், ஆன்டிவைரஸை நிறுத்தினேன். பலனில்லை.

அப்புறம்தான் ஃபயர்ஃபாக்ஸில் அதே தளங்கள் திறப்பதைக் கவனித்தேன். ஒரு தளம் உண்மையானதுதான் என்று உறுதி சொல்லும் மின்னணு ஆவணம்தான் சான்றிதழ். யார் தரும் சான்றிதழை நம்பலாம் என்பதற்கு ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நான் பயன்படுத்திய பழைய குரோம் விண்டோஸின் பட்டியலை நம்பியிருந்தது. ஒரு சான்றிதழுக்கு அதன் மேலுள்ள சான்றிதழ் உறுதி சொல்லும், இப்படிச் சங்கிலியாகப் போய் உச்சியில் நிற்பது வேர்ச்சான்றிதழ். எச்சரிக்கைப் பக்கத்தில் சான்றிதழைத் திறந்து, சங்கிலியின் உச்சி வரியைச் சொடுக்கினேன். 'டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3', காலாவதி 30-9-2021. தளத்தின் சான்றிதழில் பழுதே இல்லை, மேலே இருந்த வேர்தான் காலாவதி. என் கணினியில் வேர்ச்சான்றிதழ்கள் தானாகப் புதுப்பிக்கப்படுவது அணைந்திருந்தது.

அந்தத் தளங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தது லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு. வேறொரு கணினியில் அதன் தளத்திலிருந்து, பழைய வேருக்குப் பதிலாக வந்த 'ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1' கோப்பை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்தேன். சான்றிதழை அடையாளம் காட்டும் 'கைரேகை' எண்ணை, அசல் எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். போலி வேர் உள்ளே போனால் எந்தத் தளத்தின் பெயரிலும் நம்மை ஏமாற்றலாம், ஆகவே இதை விட்டுவிடாதீர்கள். நிறுவும்போது இடத்தைத் தானாகத் தேர்வு செய்ய விடாமல், நம்பகமான வேர்ச்சான்றிதழ்கள் பகுதியை நானே காட்டினேன். குரோமை மூடித் திறந்ததும் எல்லாம் வந்துவிட்டன. அப்பாடா!

விண்டோஸ் 7-க்குக் குரோம் 109தான் கடைசி, அதற்குப் பின் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது. அதனால் வங்கி வேலையை மட்டும் இதில் செய்வதில்லை.