வீட்டு ஜெபக்கூட்டத்தில் முதன்முறை செய்தி கொடுக்கப் போகிறீர்களா? லுத்தரன் முறையில் தயாராவது எப்படி

"அடுத்த வாரம் நீங்களே செய்தி (சிறு பிரசங்கம்) கொடுத்துடுங்க" என்று ஐயரோ (சபைப் போதகர்) உபதேசியாரோ சொல்லிவிட்டுப் போய்விடுவார். வீட்டுக் கூட்டம், வாலிபர் கூட்டம், பெண்கள் ஐக்கிய சங்கம் என்று எங்கேயும் இது நடக்கும். கேட்டவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு வேதாகமம், திடப்படுத்தல் வகுப்பில் மனப்பாடம் செய்த சிறிய ஞானோபதேசம் (லுத்தர் எழுதிய விசுவாசப் பாடநூல்), ஒரு நோட்டு, பேனா, இவை போதும். ஒரு வாரம் கையில் இருந்தால் நல்லது.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வேதத்தில் கடவுள் நம்மிடம் கேட்பதும் உண்டு, நமக்குக் கொடுப்பதும் உண்டு. கேட்பது நியாயப்பிரமாணம், கொடுப்பது சுவிசேஷம். இரண்டும் அவருடைய வார்த்தைதான், ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 1521இல் ஜெர்மனியின் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர், போதகர்களுக்காக ஒரு பிரசங்கத் தொகுப்பை எழுதத் தொடங்கினார். கிறிஸ்துவை முதலில் கொடையாக ஏற்றுக்கொள், அதன்பிறகு முன்மாதிரியாகப் பார், அவரைக் கட்டளை மட்டும் கொடுக்கிற இன்னொரு மோசேயாக ஆக்கிவிடாதே என்பது அதன் முன்னுரையில் அவர் சொன்ன அறிவுரையின் சாரம். நம் வீட்டுக் கூட்டங்களில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. "இயேசு ஜெபித்தார், நாமும் ஜெபிக்க வேண்டும், இயேசு மன்னித்தார், நாமும் மன்னிக்க வேண்டும்" என்று சொல்லி ஆமென் போட்டுவிடுகிறோம். கேட்டவர்கள் வந்தபோது இருந்த பாரத்தோடு இன்னும் இரண்டு பாரத்தைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார்கள்.

படி 1: ஒரே ஒரு பகுதியை எடுங்கள்

பத்து வசனங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி மாலை கட்ட வேண்டாம். அந்த ஞாயிற்றுக்குத் திருச்சபை குறித்திருக்கும் சுவிசேஷப் பாடத்தையே எடுப்பது எளிது. உதாரணத்துக்கு நாம் லூக்கா 5:1-11 எடுத்துக்கொள்வோம். கெனேசரேத்து ஏரியில் இரவெல்லாம் மீன் கிடைக்காத மீனவர் பேதுரு, இயேசு சொன்னபடி மறுபடி வலையைப் போடுகிறார், அது நிறைகிறது.

படி 2: பேனாவோடு ஜெபியுங்கள்

லுத்தருக்கு முடிதிருத்தும் நண்பர் ஒருவர் இருந்தார், பெயர் பீட்டர். எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டதற்கு 1535இல் லுத்தர் ஒரு சிறு நூலாகவே பதில் எழுதினார். நல்ல நாவிதன் கண்ணையும் கருத்தையும் கத்தியின்மேல் வைப்பதுபோல, ஜெபிக்கிறவனும் சொல்கிற வார்த்தையின்மேல் கவனமாக இருக்க வேண்டும் என்கிறார் அதில். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நான்கு இழைகளாகப் பிரித்து ஜெபிக்கிற முறையையும் சொல்லித்தருகிறார். அதை எந்த வேதப்பகுதிக்கும் பயன்படுத்தலாம். நோட்டில் நான்கு தலைப்பு எழுதுங்கள்: இதில் கடவுள் எனக்கு என்ன கற்பிக்கிறார்? எதற்காக நன்றி சொல்கிறேன்? எதை அறிக்கையிடுகிறேன்? எதைக் கேட்கிறேன்?

ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரிகள் போதும். இது பிரசங்கக் குறிப்பு அல்ல, உங்கள் ஜெபம். இதை விட்டுவிட்டு நேரே குறிப்பு எடுக்க உட்கார்ந்தால், மற்றவர்களுக்கு என்ன சொல்லலாம் என்றுதான் தேடத் தோன்றும். நீங்கள் முதலில் கேட்கிறவராக உட்கார வேண்டும்.

படி 3: நியாயப்பிரமாணம் எங்கே குத்துகிறது?

லூக்கா 5இல் கட்டளை மீறப்பட்டதாக எதுவும் இல்லை. பேதுரு உழைப்பாளி. இராமுழுதும் பிரயாசப்பட்டவர். வலை அலசுகிற நேரத்தில் படகைக் கேட்டபோதும் கொடுத்தார். அப்படியானால் இதில் நியாயப்பிரமாணம் எங்கே? 8ஆம் வசனத்தைப் பாருங்கள். வலை காலியாக இருந்தபோது பேதுரு கலங்கவில்லை. அது நிறைந்து கிழியத் தொடங்கியபோதுதான் இயேசுவின் பாதத்தில் விழுந்து, "ஆண்டவரே, நான் பாவியான மனுஷன், நீர் என்னைவிட்டுப் போகவேண்டும்" என்கிறார். தன் படகில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று தெரிந்தபோது தான் யார் என்பதும் தெரிந்துவிட்டது.

கூட்டத்தில் இதை இப்படிச் சொல்லலாம்: "நமக்கும் ஒரு தூரம் வரைக்கும் இயேசு வேண்டும். கரைக்குப் பக்கத்தில், படகு ஓரத்தில் இருந்தால் போதும். ஆழத்துக்கு வந்து நம் கணக்குப் புத்தகத்தையும், வீட்டுக்குள் நாம் பேசுகிற பேச்சையும், போனில் நாம் பார்ப்பதையும் அவர் பார்க்கிறார் என்றால் நமக்கும் அவர் கொஞ்சம் தள்ளி இருந்தால் நல்லது என்று தோன்றும்."

"நமக்கும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தப் பகுதியில் பக்கத்து வீட்டுக்காரரின் பாவமோ, இந்தக் காலத்துப் பிள்ளைகளோ, மற்றச் சபைக்காரர்களோ வரவே கூடாது. கூட்டத்தில் இருக்கும் ஒருவரை மனதில் வைத்து மறைமுகமாகக் குத்துவது அதைவிட மோசம். அவருக்கு அது கட்டாயம் தெரிந்துவிடும்.

படி 4: கிறிஸ்து என்ன செய்தார் என்று தேடுங்கள்

பொறுமையாக நிற்க வேண்டிய இடம் இதுதான். இந்தப் பகுதியை வைத்து நம் ஊர்களில் அதிகம் கேட்கும் செய்தி: "உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன் என்று பேதுரு கீழ்ப்படிந்தார், வலை நிறைந்தது. நீயும் கீழ்ப்படி, உன் கடை நிறையும், கடன் தீரும்." தயவுசெய்து இந்தப் பக்கம் போகாதீர்கள். கீழ்ப்படிந்தும் கடன் தீராத ஒருவர் உங்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார். தன் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று அவர் நினைத்துக்கொண்டு போவார்.

கதையும் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு படகுகளும் அமிழும் அளவுக்கு மீன் கிடைத்ததே, அந்த மீனை அவர்கள் என்ன செய்தார்கள்? 11ஆம் வசனத்தில் படகுகளைக் கரையில் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் விட்டுப் போகிறார்கள். மீன் அங்கேயே கிடக்கிறது. அன்று பேதுருவுக்குக் கிடைத்த பெரிய காரியம் அந்த மீன் அல்ல. 1518இல் ஹைடல்பர்க் விவாதத்தில் லுத்தர், வெற்றியிலும் மகிமையிலும் கடவுளைத் தேடுகிறவர்களையும் சிலுவையில் அவரைக் கண்டுகொள்கிறவர்களையும் வேறுபிரித்துக் காட்டினார். நிறைந்த வலையைப் பற்றி மட்டும் பேசினால் நாம் முதல் கூட்டத்தோடு சேர்ந்துவிடுவோம்.

சரி, சுவிசேஷம் எங்கே? "போகவேண்டும்" என்று பேதுரு சொன்னார். இயேசு போகவில்லை. அதே படகில் இருந்துகொண்டே "பயப்படாதே" என்றார். பாவி விலகிப் போகச் சொல்லியும் விலகாத ஆண்டவர் இவர். அங்கிருந்து லூக்காவின் பக்கங்களிலேயே பேதுருவைப் பின்தொடருங்கள். 22ஆம் அதிகாரத்தில் மூன்று தரம் மறுதலிக்கிறார், கர்த்தர் திரும்பி அவரை நோக்கிப் பார்க்கிறார். அந்தப் பேதுருவுக்காகவும் சேர்த்துத்தான் 23ஆம் அதிகாரத்தில் சிலுவை. 24:34இல், கர்த்தர் மெய்யாகவே எழுந்து சீமோனுக்கு (பேதுருவின் இன்னொரு பெயர்) தரிசனமானார் என்ற செய்தி வருகிறது. முதல் நாள் படகைவிட்டு இறங்காதவர் கல்லறைக்குப் பிறகும் அவரைத் தேடி வருகிறார்.

இதைச் சொன்னபின் ஒரு அடி எடுத்துவைத்து, "இது உங்களுக்காக" என்று நேராகச் சொல்லுங்கள். "ஞானஸ்நானத்தில் உங்கள் பெயரைச் சொல்லி அழைத்தவர் இவர்தான். திருவிருந்தில் 'உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது' என்று கொடுக்கிறவரும் இவர்தான்." கூச்சப்பட்டு இந்த வரியை விட்டுவிடாதீர்கள். மன்னிப்பைப் பற்றி விளக்குவதோடு நிறுத்தினால் கேட்பவர் அதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கே கொடுத்தால்தான் பெற்றுக்கொள்வார்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை: இயேசு சிலுவையில் மரிக்காமலே இருந்திருந்தாலும் உங்கள் செய்தி அப்படியே நிற்குமா? நிற்கும் என்றால் இந்தப் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

படி 5: திங்கட்கிழமைக்குக் கொண்டுபோங்கள்

இப்போது அன்றாட வாழ்க்கைக்கு வரலாம். பேதுரு படகை விட்டார் என்பதால் எல்லாரும் வேலையை விட்டு ஊழியத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடாதீர்கள். அதே லூக்காவில், 3ஆம் அதிகாரத்தில், ஆயக்காரரும் (வரி வசூலிப்பவர்கள்) போர்ச்சேவகரும் வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டபோது யோவான் ஸ்நானன் அவர்களை வேலையை விடச் சொல்லவில்லை. அதிகமாக வாங்காதே, பொய்க்குற்றம் சாட்டாதே என்றுதான் சொன்னார். தகப்பன் குழந்தையின் துணியை விசுவாசத்தோடு துவைத்தால் கடவுள் தூதர்களோடு சேர்ந்து அவனைப் பார்த்துப் புன்னகைக்கிறார் என்று 1522இல் லுத்தர் எழுதினார். அந்த அளவுக்குச் சின்ன வேலையையும் அவர் கடவுள் கொடுத்த அழைப்பாகப் பார்த்தார்.

கூட்டத்தில் இருப்பவர்களின் வேலையையே எடுத்துப் பேசுங்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும் ஆசிரியை, ஆட்டோ ஓட்டுபவர், படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்பவர். கடவுள் மன்னிப்பதற்காக அவர்கள் இதைச் செய்யவில்லை, மன்னிப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஆகவே அந்த வேலையெல்லாம் அயலானுக்குப் போய்ச் சேரட்டும். இந்தப் பகுதி இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். நீண்டால் மறுபடியும் அறிவுரைப் பட்டியலாகிவிடும்.

படி 6: சத்தமாகப் பேசிப் பாருங்கள்

பத்து நிமிடம் போதும். வீட்டில் பேசுகிற தமிழில் பேசுங்கள், வசனத்தை மட்டும் வேதாகமத்தில் இருக்கிறபடியே வாசியுங்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க், மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழ் கற்றார். ஜனங்களுக்குப் புரியும் மொழியில் பேசுவதற்கு அவர் அவ்வளவு பாடுபட்டார். நாம் பிறந்ததிலிருந்து பேசும் மொழியை விட்டுவிட்டு மேடைத் தமிழுக்குப் போக என்ன அவசியம்?

செய்தி முடிந்ததும் எல்லாரையும் எழுந்து நின்று விசுவாசப்பிரமாணம் சொல்ல வைத்து, சின்ன ஜெபத்தோடு முடியுங்கள். படி 2இல் நான்காவது தலைப்பின் கீழ் நீங்கள் எழுதியதே அந்த ஜெபத்துக்குப் போதும்.

கூட்டம் முடிந்த பிறகு

காபி கொடுக்கிற நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து, "நானும் எவ்வளவோ வருஷமா ஜெபிக்கிறேன், ஒண்ணும் நடக்கலையே" என்பார். காரணம் கண்டுபிடித்துச் சொல்ல முயலாதீர்கள், கடவுள் உங்களிடம் அதைச் சொல்லவில்லை. 13ஆம் சங்கீதத்தை அவரோடு சேர்ந்து வாசியுங்கள், ஆறே வசனங்கள்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்க வேதமே நமக்கு வார்த்தை கொடுத்திருக்கிறது. மனதை அரிக்கும் ஒரு பாவத்தைச் சொல்லத் தொடங்கினால், குறுக்கே பேசாமல் கேளுங்கள், வெளியே ஒருவரிடமும் சொல்லாதீர்கள். அவர் சம்மதித்தால் ஐயரிடம் அழைத்துப் போங்கள். பாவ அறிக்கையும் பாவமன்னிப்பும் சிறிய ஞானோபதேசத்தில் இருக்கிறது, அதைத் தனியாக ஐயரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதையும் அவருக்குச் சொல்லுங்கள்.