கோர்ஸில் சேர்ந்துவிட்டுப் போகாதீர்கள்: அமெரிக்க வொர்க்ஃபோர்ஸ் போர்டுகளிடம் பயிற்சிப் பணம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேஆஃப் ஆன மறுவாரமே சிலர் ஒரு பூட்கேம்ப்பில், அதாவது குறுகிய காலப் பயிற்சி வகுப்பில், கிரெடிட் கார்டைத் தேய்த்துச் சேர்ந்துவிடுவார்கள். மூன்று வாரம் கழித்து, "கவுண்டியில் ட்ரெய்னிங்குக்குப் பணம் தருவார்களாமே, எப்படி வாங்குவது?" என்று போன் செய்வார்கள். வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். தருவார்கள்தான். ஆனால் சேர்ந்த பிறகு கேட்டால் அநேகமாகக் கிடைக்காது. கட்டிய காசைத் திருப்பித் தரும் திட்டம் அல்ல இது.

முதலில் யார் யார் என்று பிரித்துக்கொள்வோம். இந்தப் பணத்தின் ஊற்று 2014 ஜூலையில் கையெழுத்தான ஒரு ஃபெடரல் சட்டம்: வொர்க்ஃபோர்ஸ் இன்னொவேஷன் அண்ட் ஆப்பர்ச்சூனிட்டி ஆக்ட். அலுவலகங்களில் அதை 'வியோவா' என்றுதான் சொல்வார்கள். பணம் வாஷிங்டனிலிருந்து மாநிலத்துக்கும், அங்கிருந்து வட்டாரத்துக்கும் வருகிறது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வொர்க்ஃபோர்ஸ் போர்டு உண்டு. டெக்சஸில் மட்டும் 28 போர்டுகள் இருக்கின்றன. எந்தத் தொழிலுக்குப் பயிற்சி கொடுக்கலாம், ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது போர்டுதான். ஆனால் நீங்கள் போய் உட்கார வேண்டிய இடம் அது இல்லை. அது ஜாப் சென்டர். மாநிலத்துக்கு மாநிலம் பெயர்ப் பலகை மாறும். கலிஃபோர்னியாவில் 'அமெரிக்காஸ் ஜாப் சென்டர்', டெக்சஸில் 'வொர்க்ஃபோர்ஸ் சொல்யூஷன்ஸ்', ஃப்ளோரிடாவில் 'கேரியர்சோர்ஸ்'. போர்டு அலுவலகத்துக்கு நீளமாக ஈமெயில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து ஒரு மாதத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஜாப் சென்டரில் எந்தச் சேவைக்கும் கட்டணம் கிடையாது. "வியோவா அப்ரூவல் வாங்கித் தருகிறேன், 200 டாலர் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று வேலை.

வரிசைதான் முக்கியம்

பயிற்சிப் பணம் உங்கள் கைக்கு வராது. ஐ.டி.ஏ. என்ற பெயரில் உங்களுக்கென ஒரு கணக்கு ஒதுக்கி, பள்ளிக்கே நேராகக் கட்டுவார்கள். அதற்கு முன்னால் நடக்க வேண்டியவை பல: மாநிலத்தின் வேலைவாய்ப்புத் தளத்தில் பதிவு, தகுதிச் சோதனை, அடிப்படைக் கணக்கும் ஆங்கிலமும் பார்க்கும் ஒரு தேர்வு, கேஸ் மேனேஜரோடு (உங்கள் கோப்பைக் கவனிக்கும் ஊழியர்) உட்கார்ந்து எழுதும் ஒரு திட்டம். அதன் பிறகுதான் பள்ளித் தேர்வும் ஒப்புதலும். இதற்கு ஒரு மாதமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அந்த இடைவெளியில் பள்ளிக்காரர் போன் செய்து, "அடுத்த பேட்ச் திங்கள்கிழமை, இப்போது கையெழுத்துப் போடுங்கள், ஃபண்டிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். போடாதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட தேதி ஒப்புதல் தேதிக்கு முந்தியதாக இருந்தால், அந்தக் கட்டணம் உங்கள் தலையில்தான் விழும்.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பயிற்சி இல்லாமல் உங்களால் குடும்பத்தைக் காப்பாற்றும் அளவுக்கு ஒரு வேலை பிடிக்க முடியாது, பயிற்சி எடுத்தால் முடியும் என்று கேஸ் மேனேஜர் எழுதிக் காட்ட வேண்டும். சட்டம் அப்படித்தான் கேட்கிறது. ஏற்கெனவே சொந்தக் காசில் சேர்ந்துவிட்டவருக்கு அவர் அதை எப்படி எழுதுவார்?

பழைய சட்டத்தில் முதலில் அடிப்படைச் சேவை, அதில் வேலை கிடைக்காவிட்டால் அடுத்த நிலை, அதிலும் கிடைக்காவிட்டால்தான் பயிற்சி என்று படிப்படியாகப் போக வேண்டியிருந்தது. 2014 சட்டம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. "ஆறு வாரம் வேலை தேடிவிட்டு வாருங்கள், பிறகு பயிற்சி பற்றிப் பேசலாம்" என்று யாராவது சொன்னால், அது எழுத்தில் உள்ள உள்ளூர் விதியா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். கேட்டாலே பல சமயம் கதவு திறக்கும்.

பெல் கிராண்ட் (குறைந்த வருமான மாணவர்களுக்கான ஃபெடரல் கல்வி உதவி) மாதிரி வேறு உதவி கிடைக்குமா என்பதையும் முதலில் பார்க்கச் சொல்வார்கள். ஐ.டி.ஏ. மிச்சத்தைத்தான் அடைக்கும். "நான் ஊரிலேயே பி.இ. முடித்தவன், எனக்கு பெல் எப்படியும் வராது" என்று ஃபாஃப்சா என்ற ஃபெடரல் கல்வி உதவி விண்ணப்பத்தை ஒதுக்கிவிடாதீர்கள். வராது என்ற பதிலையும் கோப்பில் வைக்கக் கேட்கும் இடங்கள் உண்டு. அந்த ஒரு தாளுக்காக இரண்டு வாரம் நிற்க வேண்டாமே.

"நமக்கெல்லாம் தரமாட்டார்கள்"

நம்மவர்களிடம் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கேட்காமலேயே விட்டுவிடுவது. "மனைவிக்கு நல்ல சம்பளம், எனக்கு எங்கே தரப்போகிறார்கள்?" என்பார்கள். வியோவாவில் பெரியவர்களுக்கு இரண்டு பணப் பைகள் உண்டு. ஒன்று அடல்ட், இன்னொன்று டிஸ்லொகேட்டட் வொர்க்கர். முதல் பையில் அரசு உதவி பெறுபவர், குறைந்த வருமானம் உள்ளவர், அடிப்படைத் திறன் குறைந்தவர் ஆகியோருக்கு முன்னுரிமை. அதில் கணவன் மனைவி வருமானம் குறுக்கே வரலாம். இரண்டாவது பை வேலையிழந்தவர்களுக்கானது. அதில் நுழைய வருமான வரம்பு கிடையாது. லேஆஃப் கடிதம் வந்திருக்கிறதா, பழைய தொழிலுக்கோ துறைக்கோ திரும்பும் வாய்ப்பு குறைவா என்பதுதான் கேள்வி. கடைசி நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம், நோட்டீஸ் கையில் இருந்தாலே போதும். நடத்திவந்த சொந்தத் தொழில் பொருளாதார நிலையால் படுத்துப்போனவர்களும் இதில் வருவார்கள்.

இதே பையில் பலருக்குத் தெரியாத ஒரு பிரிவும் இருக்கிறது: டிஸ்பிளேஸ்டு ஹோம்மேக்கர். வருடக்கணக்கில் வீட்டைப் பார்த்துக்கொண்டு, கணவன் வருமானத்தில் இருந்து, விவாகரத்தாலோ மரணத்தாலோ அந்த ஆதரவு நின்றுபோய், வேலை கிடைக்காமல் தவிக்கும் பெண்களை இது எடுத்துக்கொள்ளும். ரெஸ்யூமேயில் பத்து வருட இடைவெளி இருக்கிறதே என்று கூசுகிறவர்களுக்கு அந்த இடைவெளிதான் இங்கே தகுதி.

விசா விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. குடிமக்கள், கிரீன் கார்டுக்காரர்கள், அகதிகள், புகலிடம் பெற்றவர்கள், இவர்களோடு வேலை செய்ய அனுமதி பெற்ற பிற குடியேறிகள் என்று சட்டம் பட்டியலிடுகிறது. அதனால் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வைத்திருக்கும் ஹெச்-4 மனைவியர் (ஹெச்-1பி விசாக்காரர்களின் துணைவர்) "நமக்கில்லை" என்று தாங்களே முடிவு செய்யாமல் அட்டையோடு போய்க் கேட்பது நல்லது. ஹெச்-1பி கதை வேறு. அந்த அனுமதி ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது, வேலை போனால் அதுவும் தொங்கலில். வேலையிழப்பு உதவித்தொகையோ பயிற்சிப் பணமோ அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. இதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

ஆண்களுக்கு ஒரு எதிர்பாராத முட்டுக்கட்டை செலக்டிவ் சர்வீஸ் பதிவு, அதாவது தேவைப்பட்டால் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்கான பெயர்ப் பதிவு. 1960 முதல் பிறந்த ஆண்கள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டு நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 26 வயதுக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர்கள், அல்லது 26 ஆகும் வரை எஃப்-1, ஹெச்-1பி போன்ற விசாவிலேயே இருந்தவர்கள் பதிய வேண்டியதில்லை. ஆனால் அதைக் காட்ட ஆதாரம் வேண்டும். பழைய பாஸ்போர்ட்டைப் பரணிலிருந்து இறக்கிவையுங்கள், முதல் நுழைவு முத்திரை அதில்தான் இருக்கும். சின்ன வயதிலேயே கிரீன் கார்டு கிடைத்த பிள்ளைகள் கதை அப்படியல்ல. 18 வயதானதும் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உதவித்தொகையும் வகுப்பும்

இதில் மாட்டிக்கொண்டால் நஷ்டம் பெரிது. வேலையிழப்பு உதவித்தொகை வாங்குபவர், வாராவாரம் "வேலைக்குத் தயாராக இருந்தேன், தேடினேன்" என்று உறுதி சொல்ல வேண்டும். பள்ளியில் சேர்ந்தீர்களா என்ற கேள்வியும் வரும். பகல் முழுக்க வகுப்பில் உட்கார்ந்துகொண்டு 'இல்லை' என்று தட்டிவிட்டால், பிற்பாடு வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். உண்மையைச் சொன்னால் தொகை நின்றுவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் பொய் சொல்கிறார்கள். அந்தப் பயத்துக்கு அவசியமே இல்லை. மாநிலம் ஒப்புக்கொண்ட பயிற்சியில் இருப்பவருக்கு, வேலை தேடவில்லை என்ற காரணத்துக்காக உதவித்தொகையை மறுக்கக் கூடாது என்று ஃபெடரல் சட்டமே சொல்கிறது. ஒப்புதலை வகுப்பு தொடங்கும் முன்பே, உதவித்தொகை அலுவலகத்திடம் தனியாக வாங்க வேண்டும். ஜாப் சென்டர் ஒப்புக்கொண்டது அவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

எந்தப் படிப்பு, எந்தப் பள்ளி

"நான் டேட்டா சயின்ஸ் கேட்டேன், அவர்கள் லாரி ஓட்டவும் வெல்டிங்கும் காட்டுகிறார்கள்" என்று ஒரு நண்பர் கொதித்தார். போர்டின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் உள்ளூர் வணிகத் தரப்பினர். தலைவரும் அந்தத் தரப்பிலிருந்துதான் வர வேண்டும். தொழிலாளர் தரப்புக்குக் குறைந்தது 20 சதவீதம். ஆக, அந்த வட்டாரத்து முதலாளிகளுக்கு யார் தேவையோ அந்தத் தொழில்கள்தான் பட்டியலில் ஏறும். பக்கத்து வட்டாரத்தில் பட்டியல் வேறு மாதிரி இருக்கலாம். நீங்கள் கேட்கும் படிப்பு பட்டியலில் இல்லையென்றால் வாதாடுவதைவிட, அதே திறமை தேவைப்படும் இன்னொரு பெயரில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். வேறு ஊருக்குக் குடிபெயரத் தயார் என்றால் அதையும் சொல்லுங்கள். அங்கே தேவை இருப்பதைக் காட்டினாலும் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

பள்ளி, மாநிலத்தின் தகுதி பெற்ற பயிற்சி நிறுவனங்கள் பட்டியலில் இருக்க வேண்டும். அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். பட்டியலில் இருப்பது பள்ளி நல்ல பள்ளி என்பதற்குச் சான்று ஆகாது. முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கைப் பள்ளிகள் கொடுக்க வேண்டும். தொழிலாளர் துறையின் 'ட்ரெய்னிங் ப்ரொவைடர் ரிசல்ட்ஸ்' தளத்தில் தேடிப் பாருங்கள். எண் எதுவும் இல்லையென்றால் பள்ளியிடமே நேராகக் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் வேறு பள்ளி பாருங்கள்.

காலண்டர்

வியோவா பணத்தின் வருஷம் ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. பயிற்சிப் பணம் யாருக்கும் உரிமை அல்ல, இருக்கும் வரைதான். ஏப்ரல், மே மாதங்களில் பல இடங்களில் பை காலியாகி, காத்திருப்போர் பட்டியல்தான் இருக்கும். அப்போது 'இல்லை' என்று சொன்னால் அது உங்களுக்கான மறுப்பு அல்ல. பட்டியலில் பெயரைப் போட்டுவைத்து, தகுதித் தாள்களை முடித்துவைத்து, ஜூலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

உள்ளே நுழைந்தபின் இன்னொரு தேதிக் கணக்கு. 90 நாள் எந்தச் சேவையும் பெறாமல் இருந்தால் உங்கள் கோப்பு மூடப்படும். ஊருக்குப் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்து "என் கேஸ் எங்கே?" என்று கேட்டவர் ஒருவர் உண்டு. கிளம்பும் முன் கேஸ் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேசி ஒரு வழி பார்த்திருக்கலாம்.

வேலை கிடைத்ததும் ஜாப் சென்டர்காரர்களின் போனை எடுக்காமல் விடுவது நம்மவர்களின் கெட்ட பழக்கம். நீங்கள் வெளியேறிய பின் இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையில் இருக்கிறீர்களா, உங்களைப் போல வெளியேறியவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, சான்றிதழ் வாங்கினீர்களா என்பதை வைத்துத்தான் போர்டுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். எண் குறைந்தால் அடி அந்த வட்டாரத்துக்கு. சான்றிதழின் நகலை ஒரு ஈமெயிலில் அனுப்ப இரண்டு நிமிஷம் போதும். அதைச் செய்யுங்கள், சாமி.

சிறுதொழில் நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். புதிதாக எடுக்கும் ஆளுக்கு வேலையிலேயே பயிற்சி கொடுத்தால், ஓ.ஜே.டி. ஒப்பந்தத்தில் அவர் சம்பளத்தில் 50 சதவீதம் வரை, சில சூழலில் 75 சதவீதம் வரை, போர்டு திருப்பித் தரும். இங்கேயும் அதே கதைதான். ஆளை எடுத்துவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது, ஒப்பந்தம் முதலில்.

சரி, எல்லாம் ஒழுங்காகச் செய்தும் மறுத்துவிட்டார்கள் என்றால்? வாய்மொழியாகச் சொன்ன மறுப்போடு வீட்டுக்கு வராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு போர்டுக்கும் குறை கேட்கும் நடைமுறை இருந்தே ஆக வேண்டும், அதற்கு மேல் மாநிலத்துக்கு முறையிடலாம். போர்டு கூட்டங்களும் பொதுமக்களுக்குத் திறந்தவைதான், நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே தளத்தில் போடுவார்கள். ஒரு முறை நான் போனபோது பார்வையாளர் நாற்காலியில் என்னைத் தவிர இன்னும் ஒருவர்தான் இருந்தார்.