கோடோவோட ஏஐ அசிஸ்டென்ட் கனெக்ட் ஆகல, இப்படித்தான் சரி பண்ணேன்

ஒருவழியா ஓடுது, நிம்மதி. கோடோ 4 (கேம் செய்யற இன்ஜின்) எடிட்டர்ல பிளகின் போட்டு, நடுவுல நோட்.ஜேஎஸ்ல (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற சாஃப்ட்வேர்) ஓடுற எம்சிபி சர்வர் (ஏஐ அசிஸ்டென்ட்டையும் எடிட்டரையும் இணைக்கிற ப்ரோக்ராம்) வச்சு கனெக்ட் பண்ணா டூல் லிஸ்ட் எல்லாம் ஒழுங்கா வருது, ஆனா சீன்ல ஸ்ப்ரைட் (கேம்ல வர்ற 2டி படம்) சேர்க்கச் சொன்னா மட்டும் கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டுன்னு எரர்.

ஃபயர்வால் ஆஃப் பண்ணேன், போர்ட் மாத்தினேன், பிளகினை தூக்கிட்டு திரும்ப போட்டேன், ஒண்ணும் ஆகல. இதுல கர்ல்ல (கமாண்ட் லைன்ல கனெக்ட் பண்ணிப் பாக்குற டூல்) அதே லோக்கல்ஹோஸ்ட் (நம்ம மெஷினையே குறிக்கிற பேர்), அதே போர்ட் குடுத்தா கனெக்ட் ஆகுது, அதுதான் ரொம்ப குழப்பிச்சு.

எரர் லைனை கடைசி வரைக்கும் படிங்க. லோக்கல்ஹோஸ்ட்டுக்கு ரெண்டு அட்ரஸ் உண்டு, ஐபிவி4-ல 127.0.0.1, ஐபிவி6-ல ::1. எரர்ல 127.0.0.1 இல்ல, ::1-னு இருந்துச்சு. நோட் 17-க்கு முன்னாடி ஐபிவி4 அட்ரஸைத்தான் முதல்ல எடுக்கும், அதுக்கப்புறம் சிஸ்டம் எதை முதல்ல குடுக்குதோ அதையே எடுத்துக்குது, என் மெஷின்ல இருந்தது நோட் 18. பிளகினோ 127.0.0.1-ல வர்ற கனெக்ட்டை மட்டும்தான் ஏத்துக்குது. கர்ல் ரெண்டு அட்ரஸையும் ட்ரை பண்ணும், அதனாலதான் அதுல போச்சு.

சர்வர் கான்ஃபிக்ல லோக்கல்ஹோஸ்ட்டை எடுத்துட்டு 127.0.0.1 போட்டு, அசிஸ்டென்ட்டை முழுசா மூடித் திறந்தேன் (புது சாட் மட்டும் திறந்தா என்கிட்ட பழைய சர்வர் ப்ராசஸே ஓடிட்டு இருந்துச்சு), உடனே ஸ்ப்ரைட் வந்துருச்சு. நோட் 20 ரெண்டு அட்ரஸையும் தானாவே ட்ரை பண்ணும், அதனால கான்ஃபிக்ல கைவைக்க முடியாதவங்க நோட்டை அப்டேட் பண்ணிப் பாருங்க.