லிசு முறை மரக் குறுக்குவில்: அளவுகளும் செய்முறையும்

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் நூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வாழும் லிசு மக்கள், உலோக வில்லோ உலோக விசையோ இல்லாமல் குறுக்குவில் செய்கிறார்கள். வில்லுக்கு முசுக்கொட்டை மரம், கையில் பிடிக்கும் நீளக்கட்டையான தண்டுக்குக் கடின மரம், நாணை விடுவிக்கும் விசைக்கு எலும்பு, நாணுக்கு முறுக்கிய நார். வில் தண்டின் மேல் கட்டப்படுவதில்லை. தண்டைத் துளைத்து உள்ளே செருகி, ஆப்பு அடித்து இறுக்குவார்கள். அந்த அமைப்பைப் பின்பற்றி, 20 முதல் 25 கிலோ இழுவிசை உள்ள, இலக்கில் எய்து பழகும் குறுக்குவில் ஒன்றைச் செய்யும் முறை இது.

முதலில் ஒரு கணக்கு. வளையும்போது வில்லின் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் நசுங்குகிறது. நல்ல வில் மரம்கூட நூற்றில் ஒரு பங்குக்கு மேல் நீண்டால் முறியும் கட்டத்துக்கு வந்துவிடும். அதனால் நீளம், தடிமன், இழுக்கும் தூரம் மூன்றையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். வில் 100 செ.மீ., கைகளின் (நடுவிலிருந்து இரு பக்கமும் நீளும் பகுதிகளின்) தடிமன் 1.4 செ.மீ., இழுத்த நாண் மாட்டி நிற்கும் நாண் பள்ளம் வில்லின் உட்பக்கத்திலிருந்து 28 செ.மீ. என்று வைத்தால் அந்த எல்லையை ஒட்டி நிற்கும். வேகம் வேண்டும் என்று இழுவையை (இழுக்கும் தூரத்தை) மட்டும் 35 செ.மீ. ஆக்கினால் மரம் அன்றைக்கு முறியாவிட்டாலும் நிரந்தரமாக வளைந்து சோர்ந்துவிடும். இழுவையைக் கூட்டத்தான் வேண்டும் என்றால் வில்லின் நீளத்தையும் கூட்டுங்கள்.

மரம்

பட்டுப்புழுவுக்கு வளர்க்கும் புதர் முசுக்கொட்டை உதவாது. 12 முதல் 15 செ.மீ. விட்டமாவது உள்ள, கணுவில்லாத நேரான அடிமரம் வேண்டும். அதை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளக்க வேண்டும். பிளவு நாரோட்டத்தைத் தொடர்ந்து போகும். ரம்பமோ நாரை வெட்டிக்கொண்டு போகும், வெட்டுப்பட்ட நார்தான் பிறகு சிம்பாக எழும். முனைகளில் மெழுகோ பெயின்டோ பூசி, நிழலில் ஆறு மாதமாவது உலர விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டு, எடை குறைவது நின்ற பிறகு உளியை எடுங்கள். ஈரம் இருக்கும் மரம் முறியாது, ஆனால் வளைந்தது நிமிராது.

முசுக்கொட்டை கிடைக்காதவர்களுக்குத் தடசு மரம் (உன்னு என்றும் சொல்வார்கள்) நல்ல மாற்று. வடமொழியில் அதற்கு வில்மரம் என்றே பெயர். கல்மூங்கிலும் ஆகும். மூங்கிலில் பச்சைத்தோல் பக்கம்தான் முதுகு, அதாவது வில்லின் வெளிப்பக்கம். அதில் உளி படக்கூடாது, செதுக்குவதெல்லாம் உட்பக்கத்தில்.

வில்லைச் செதுக்குதல்

பட்டையை உரித்ததும் தெரியும் மேற்பரப்புதான் வில்லின் முதுகு. முசுக்கொட்டையில் வெளிறை (பட்டைக்கு அடுத்துள்ள வெளிர்நிற மரத்தை) நீக்க வேண்டியதில்லை. அது இழுப்பை நன்றாகத் தாங்கும். நடுவில் 8 செ.மீ. நீளத்துக்கு 4 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன் விடுங்கள். அங்கிருந்து இரு பக்கமும் அகலம் நேர்கோட்டில் குறைந்து நுனியில் 1.2 செ.மீ. ஆகட்டும். கைகளின் தடிமன் நெடுக ஒன்றாக, முதலில் 1.7 செ.மீ. இருக்கட்டும். அகலம் மட்டும் சீராகக் குறைந்து தடிமன் மாறாமல் இருந்தால் கை முழுவதும் ஏறத்தாழ ஒரே வளைவாக வளையும். நுனியிலிருந்து 1.5 செ.மீ. உள்ளே, உருண்டை அரத்தால் நாண் தங்கும் வெட்டை இரு ஓரத்திலும் போடுங்கள். முதுகில் வெட்டு விழக்கூடாது.

இனிதான் பொறுமை வேண்டும். வில்லை நடுவில் ஒரு கட்டையில் பொருத்தி, நீளமான கயிறு கட்டி, 5 செ.மீ. மட்டும் இழுத்து, நாலடி தள்ளி நின்று பாருங்கள். எந்தக் கை குறைவாக வளைகிறதோ அதன் உட்பக்கத்தில் இழைப்புளி. ஒரு கையில் ஓரிடம் மட்டும் மடிவது போலத் தெரிந்தால், பென்சிலால் குறித்துவிட்டு அந்த இடத்தை மறந்துவிடுங்கள். அதற்கு இரு பக்கமும் உள்ளதைச் செதுக்குங்கள். ஒவ்வொரு முறை செதுக்கிய பிறகும் முப்பது தடவை மெதுவாக இழுத்துவிட்டால்தான் மரம் புதிய தடிமனைக் காட்டும். பிறகு 2 செ.மீ. கூட்டி இழுங்கள். 28 செ.மீ. எட்டும்போது தடிமன் ஏறத்தாழ 1.4 செ.மீ.க்கு வந்திருக்கும். ஒரு கொக்கித் தராசை மாட்டி இழுவிசையைப் பாருங்கள். உட்பக்கத்தில் குறுக்காக மயிரிழை போன்ற சுருக்கம் தெரிந்தால் அந்த இடம் நசுங்கிவிட்டது என்று பொருள். முதுகில் சிம்பு எழுந்தால் அந்த வில்லை விட்டுவிடுங்கள். ஒட்டிச் சரிசெய்த வில் முகத்துக்கு எதிரே உடையும்.

தண்டு, நாண் பள்ளம், விசை

தண்டுக்குத் தேக்கோ வேங்கையோ எடுக்கலாம். நீளம் 75 செ.மீ., அகலம் 4 செ.மீ., உயரம் முன்தலையில் 7 செ.மீ., பின்னால் 4 செ.மீ. முன்முனையிலிருந்து 6 செ.மீ. விட்டு, பக்கவாட்டில் வில் நுழையும் துளை. அதன் மேல் 1 செ.மீ. மரமாவது மிஞ்ச வேண்டும். துளை செங்குத்தாக இருக்கக்கூடாது. மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட 4 மி.மீ. முன்னால் இருக்கட்டும். அப்போதுதான் வில் சற்றே அண்ணாந்து, இழுக்கும் நாண் பின்னால் போகப் போக மேலேறி, பள்ளத்தின் மட்டத்துக்கு வரும். சாய்வில்லாமல் துளைத்தால் நாண் தண்டை அழுத்தி உரசும், வேகம் போகும், நாணும் தேயும்.

நாண் பள்ளம் 6 மி.மீ. ஆழம். இழுத்த நாணை நிறுத்துவது அதன் முன்சுவர்தான், இந்த வில்லின் உயிர் அங்கே இருக்கிறது. முன்சுவர் முன்னோக்கிச் சரிந்தால் நாண் தானாக வழுகி விடுபடும். அளவுக்கு மீறி உட்குடைந்தால் விசையை இழுக்கவே முடியாது. மூலைமட்டம் வைத்து நேர்செங்குத்தாக வெட்டி, ஒரு மயிரிழை மட்டும் பின்சாய்வு கொடுங்கள். மாட்டெலும்பு அல்லது கொம்புத் தகடு ஒன்றை அந்தச் சுவரில் பதித்தால் நாள்பட உழைக்கும். வெறும் மரத்தில் அந்த விளிம்பு சீக்கிரம் மழுங்கிவிடும்.

பள்ளத்தின் நடுவில் 8 மி.மீ. அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு. விசை அதற்குள் ஆடும். விசையின் அச்சாணி பள்ளத்துக்கு 1.5 செ.மீ. முன்னால், மேல்மட்டத்திலிருந்து 2 செ.மீ. கீழே. விசையின் மூக்கு அச்சிலிருந்து பின்னோக்கி நீண்டு நாணுக்கு அடியில் நிற்கும். வால் 8 செ.மீ. கீழே தொங்கும். வாலைப் பின்னுக்கு இழுத்தால் மூக்கு எழும்பி நாணைப் பள்ளத்திலிருந்து தள்ளிவிடும். இந்த அளவில் ஒன்றரை கிலோ அளவு விரல் அழுத்தம் போதும். விரல் பட்டதுமே விடுபட்டால் முன்சுவரைத் திருத்துங்கள், வாலைக் குட்டையாக்காதீர்கள்.

நாணுக்குச் சணல் வேண்டாம். சணப்பு நார் அல்லது லினன் நூல். ஓர் இழை 5 கிலோ தாங்கினால் 40 இழை சேர்த்து முறுக்கித் தேன்மெழுகு தேயுங்கள். ஒரு முனைக் கண்ணியிலிருந்து மறுமுனைக் கண்ணி வரை சுமார் 94 செ.மீ.; மாட்டியபின் வில்லுக்கும் நாணுக்கும் 10 செ.மீ. இடைவெளி வரவேண்டும். தண்டில் உரசும் நடுப்பகுதியில் 8 செ.மீ.க்குப் பருத்தி நூல் சுற்றுங்கள்.

அம்புக்கு மூங்கில் சிம்பு, 36 செ.மீ. நீளம், 7 மி.மீ. கனம், 10 கிராமுக்குக் குறையாத எடை. இறகுக்குப் பதிலாக, லிசு மக்கள் வால்பக்கத்தைப் பிளந்து முக்கோணமாக மடித்த மூங்கில் இலையைச் செருகுகிறார்கள், பனையோலையும் ஒத்துவரும். பள்ளத்திலிருந்து முன்முனை வரை அம்பு கிடக்க ஆழம் குறைந்த வாய்க்கால் ஒன்று இழையுங்கள்.

நாணேற்றும்போது முன்தலையைத் தரையில் ஊன்றி, தண்டையொட்டி இரு பக்கமும் வில்லை மிதித்து, இரண்டு கையாலும் சமமாக இழுங்கள். நாணின் நடு ஒரு பக்கம் விலகினால் அம்பும் விலகும். அம்பு இல்லாமல் விசையை இழுக்கக் கூடாது. அந்த ஆற்றலெல்லாம் வில்லுக்கே திரும்பி அதை முறித்துவிடும். தண்டைப் பிடிக்கும் கையின் கட்டைவிரல் மேல்மட்டத்துக்குக் கீழேயே இருக்கட்டும், நாண் விரலை நசுக்கிவிடும். வைக்கோல் கட்டு இலக்கு, பின்னால் மண்மேடு, சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லாத இடம். இந்தியாவில் காட்டு விலங்கு வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் இருப்பவர்கள், குறுக்குவில் வைத்திருக்கவே உரிமம் தேவையா என்று மரம் வெட்டுவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். எய்து முடிந்ததும் நாணைக் கழற்றி, வில்லை நிழலில் படுக்கை வசமாக வையுங்கள்.