வாட்ச் காட்டும் விஓ2 மேக்ஸ்: ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஓடி முடித்ததும் வாட்சில் 'விஓ2 மேக்ஸ் 45' என்று வருகிறது. முழு மூச்சாக உழைக்கும்போது, ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிடத்தில் உங்கள் உடல் எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிட முடியும் என்பதுதான் அந்த எண். ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, ட்ரெட்மில்லில் இனி முடியாது என்னும் வரை ஓடவிட்டு இதை அளப்பார்கள். வாட்ச் உங்கள் மூச்சை அளப்பதே இல்லை. வேகத்தையும் நாடித்துடிப்பையும் வைத்துக் கணிக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் சூத்திரம் மாறும். அடிப்படை ஏறக்குறைய இதுதான்.

படி 1: ஓட்டத்தின் ஆக்சிஜன் செலவு

வேகத்தை ஜிபிஎஸ் தருகிறது. மணிக்கு 9 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 150 மீட்டர். சமதளத்தில் அதை 0.2 ஆல் பெருக்குங்கள்: 30. சும்மா உட்கார்ந்திருந்தாலே ஆகும் செலவு 3.5. மொத்தம் 33.5.

படி 2: இதயம் எவ்வளவு உழைத்தது?

வாட்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு, தோலுக்குக் கீழே ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது. ஓடும்போது 150, ஓய்வில் 60, உச்சம் 185 என்று வைத்துக்கொள்வோம். (150−60) ÷ (185−60) = 0.72. அதாவது இருக்கும் திறனில் 72 சதவீதம்.

படி 3: உச்சத்துக்கு நீட்டுங்கள்

உட்கார்ந்திருக்கும் செலவு சேராத அந்த 30ஐ எடுங்கள்: 30 ÷ 0.72 = 41.7. அதோடு 3.5 சேர்த்தால் 45.2. வாட்ச் சொன்ன 45 வந்துவிட்டது!

படி 4: உச்சத் துடிப்பைத் திருத்துங்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமான படி இதுதான். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், பல வாட்ச்கள் 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பை எடுத்துக்கொள்கின்றன. ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே இதில் பத்துத் துடிப்பு வித்தியாசம் சர்வசாதாரணம். உங்கள் உண்மையான உச்சம் 195 என்றால் மேலே போட்ட கணக்கில் விடை 48.5. அதே உடல், அதே ஓட்டம், ஆனால் மூன்று புள்ளி கூடிவிட்டது! கடினமான மேட்டு ஓட்டங்களில் பதிவான மிக உயர்ந்த துடிப்பைப் பார்த்து செட்டிங்ஸில் மாற்றுங்கள். பட்டை தளர்ந்திருந்தால் துடிப்புக்குப் பதில் காலடி வேகம் பதிவாகிவிடக்கூடும். மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டுங்கள். கடும் வெயிலில் துடிப்பு எகிறும், எண் குறையும். அன்றைய எண்ணைப் பார்த்து மனம் தளராதீர்கள்.

சரிபார்க்க அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டம் இருக்கிறது. முடிந்தவரை வேகமாக ஓடி, கடந்த மீட்டரிலிருந்து 504.9 கழித்து 44.73 ஆல் வகுங்கள். 2400 மீட்டருக்கு 42.4. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பே குறைந்திருக்கும் என்பதால் வாட்சின் கணிப்பும் பொருந்தாது.